மச்சத்துக்குப் பலன் மட்டும் போதுமா?

தமிழ் நாட்டில் மச்சத்துக்கும் பஞ்சமில்லை. மச்சத்துக்குப் பலன் சொல்லுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. கன்னத்தில் இருந்தால் இன்ன பலன், தோளில் இருந்தால் இன்ன பலன், ஆணுக்கு வலப்பக்கம் விசேஷம், பெண்ணுக்கு இடப்பக்கம் விசேஷம் என்று ஒரு பெரிய கணக்கே வைத்திருக்கிறார்கள். அதிர்ஷ்டசாலிக்கு 'மச்சக்காரன்' என்றே பெயர். உள்ளங்காலில் மச்சம் இருந்து விட்டாலோ கேட்கவே வேண்டாம். "பையன் ஒரு இடத்தில் தங்க மாட்டான், கடல் கடந்து போவான்" என்று பாட்டிமார் தீர்ப்பே சொல்லி விடுவார்கள்.

ஜோசியத்தை விட்டாலும் சர்க்கார் விடுவதில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு பகுதி உண்டு. 'வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு' என்று ஆசிரியர் பார்த்து எழுதிவிடுவார். பதினைந்து வயதில் எழுதிய அந்த வரியைப் பிறகு எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. வேலைக்கு மனுப் போடும்போது காப்பி எடுப்பதோடு சரி. அந்த மச்சம் அன்றைக்கு இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

மச்சத்தைப் பார்க்கத் தெரிந்த ஜனங்கள் அதை ஆரோக்கியத்துக்காகவும் பார்க்கப் பழக வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, கால் மணி நேரம், தன் தோலைத் தானே உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துக் கொள்ளும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும். அதற்குப் பணச் செலவு இல்லை; படிப்பும் தேவையில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரம் ஒருவருடைய காலையோ உயிரையோ காப்பாற்றக்கூடும்.

கறுப்புத் தோலுக்குக் கவலை இல்லையா?

"தோல் புற்றுநோயா? அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வருகிற வியாதி" என்று படித்தவர்களே சொல்லுவதுண்டு. இதில் பாதி உண்மை, பாதி அபாயம்.

உண்மை என்னவென்றால், தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் மெலனின் என்ற பொருள் ஒரு குடையைப் போல வேலை செய்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின் உயிரணுக்களைச் சென்று தாக்காதபடி அது தடுக்கிறது. இந்த மெலனினைத் தயார் செய்யும் உயிரணுக்கள் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். கறுப்பருடைய உயிரணு அதிகமாகத் தயார் செய்கிறது, அவ்வளவே வித்தியாசம். இந்தக் குடை இல்லாத வெள்ளையர் கடும் வெயிலுள்ள ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். அங்கே தோல் புற்றுநோய் வீட்டுக்கு வீடு தெரிந்த வியாதியாகி விட்டது. 1981-ல் அந்த நாட்டில் 'சட்டை போடு, களிம்பு தடவு, தொப்பி வை' என்று ஒரு கடற்பறவையைப் பாட வைத்துப் பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. தமிழ் நாட்டு உழவர் நாள் முழுவதும் வெயிலில் நின்றாலும் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. இதற்கு அவர் தம் கறுப்புத் தோலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அபாயம் எங்கே என்றால், குடை மழைக்குத்தான் உதவும். காலில் குத்தும் முள்ளுக்கு உதவாது. எல்லாத் தோல் புற்றும் வெயிலால் வருவதில்லை. வெயில் சிறிதும் படாத இடத்தில் முளைப்பதும் உண்டு. கறுப்புத் தோல் உடையவர்களுக்கு வருவது பெரும்பாலும் அந்த ஜாதிதான். அபூர்வமாக வருகிறது என்பதாலேயே எவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காததால் காலம் கடந்து கண்டுபிடிக்கப்படுகிறது. மெலனோமா என்னும் கரும்புற்று கண்டவர்களில் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். வெள்ளையரில் 100-க்கு 90-க்கும் மேல். கறுப்பினத்தவரில் சுமார் 70. வியாதி குறைவாக வருகிறவர்களே அதிகமாக மடிகிறார்கள்! இதற்கு வியாதியின் தன்மையும் ஒரு காரணம்தான். ஆனால் காலம் தாழ்த்தி வைத்தியத்துக்கு வருவது பெருங் காரணம்.

ஒரு பாடகரின் கால் விரல்

ஜமைக்காத் தீவில் 1945-ல் பிறந்து உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் மார்லி. பாட்டுக்கு அடுத்தபடி அவருக்குப் பிரியமானது கால்பந்து. 1977-ல் அவருடைய வலது கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண், கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றே எண்ணப்பட்டது. கடைசியில் பரீட்சை செய்து பார்த்தபோது அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்து விடும்படி சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தையும் நகத்தின் அடித் தசையையும் மட்டும் எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். 1980-ல் நியூயார்க் நகரப் பூங்காவில் ஓடிக் கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார். அதற்குள் நோய் உடல் முழுவதும் பரவி விட்டிருந்தது. 1981 மே 11-ம் தேதி இறந்தார். வயது 36.

வெயில் படாத இடம், கறுப்பினத்தவர், அடிபட்ட காயம் என்ற எண்ணம், நழுவிப் போன காலம் — இவ்வளவும் அந்த ஒரு விரலில் அடங்கியிருந்தன. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இந்த மூன்று இடங்களிலும் முளைக்கும் கரும்புற்றுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கறுப்பு, மாநிறத் தோல் உள்ளவர்களிடம் மெலனோமா காணும்போது இந்த இடங்களில்தான் அதிகமாகக் காண்கிறது. பாட்டி பிரயாண யோகம் சொன்ன அதே உள்ளங்கால்தான்!

இதைக் கேட்டதும் உள்ளங்காலில் மச்சம் உள்ளவர்கள் எல்லாரும் கலங்க வேண்டாம். பிறந்தது முதலோ பல வருஷமாகவோ மாறாமல் இருக்கும் மச்சம் பெரும்பாலும் சாதுவானது. புதிதாகத் தோன்றிய கறுப்பும், பழைய கறுப்பில் கண்ட மாறுதலும்தான் கவனிக்க வேண்டியவை.

பழைய தழும்பும் ஒரு சாட்சி

இன்னொரு வகை, தழும்பிலும் ஆறாத புண்ணிலும் கிளம்பும் புற்று. சிறு வயதில் அடுப்பில் சுட்டுக் கொண்ட தழும்பு. வருஷக் கணக்காக மூடி மூடித் திறக்கும் கால் புண். இடைவிடாமல் ஒரே இடத்தில் உராய்வு, சூடு — இவற்றில் பல ஆண்டுகள் கழித்துப் புற்று உண்டாவதுண்டு. தீக்காயத் தழும்பில் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வரும். பிரெஞ்சு வைத்தியர் மார்ஜோலின் 1828-ல் இத்தகைய புண்ணை வர்ணித்தார். இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

வாழ்க்கை முறை தோலில் எழுதும் கணக்கு இது. லண்டனில் புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் பையன்கள் வளர்ந்த பிறகு, கரி படிந்து விதைப் பையில் புற்று உண்டாவதைப் பெர்சிவல் பாட் என்ற வைத்தியர் 1775-ல் எடுத்துச் சொன்னார். காஷ்மீரத்தில் குளிருக்காகக் 'காங்கிரி' என்ற நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக் கொள்வார்கள். தொடையிலும் அடிவயிற்றிலும் அந்தச் சூடு பட்ட இடத்தில் வரும் புற்றுக்குக் 'காங்கிரிப் புற்று' என்றே பெயர். பம்பாயைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கானோல்கர் 1945-ல் இடுப்பில் வேஷ்டி இறுகும் இடத்தில் உண்டாகும் புற்றைப் பற்றி எழுதினார். புடவைக்கு உள்ளே கட்டும் பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் பெண்களுக்கும் அது காணப்பட்டிருக்கிறது.

இதற்காக எவரும் வேஷ்டியையும் புடவையையும் விட்டுவிட வேண்டியதில்லை. இது மிக மிக அபூர்வம். ஆனால் இடுப்பில் நாடா பட்ட இடம் கறுத்து, செதில் எழும்பி, ஆறாத புண்ணாகி விட்டால் நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டும். அகலமான பட்டியாக மாற்ற வேண்டும். டாக்டரிடமும் காட்ட வேண்டும். 'நாடா பட்ட தடிப்புத்தானே' என்று இருந்து விடக் கூடாது.

முள்ளும் சுண்ணாம்பும்

ஒரு குடியானவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். வயது ஐம்பத்தைந்து. வரப்பில் வெறுங்காலோடு நடந்து பழகியவர். ஒரு நாள் திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது அவர் மனைவி கேட்கிறாள்:

"ஏங்க, குதிகாலில அது என்ன கறுப்பா?"

"முள்ளு ஏதாவது குத்தியிருக்கும். வேலையைப் பாரு."

ஆறு மாதம் போகிறது. கறுப்பு அகலமாகிறது. ஊசியால் முள்ளைத் தோண்டிப் பார்க்கிறார், முள் இல்லை. "காலாணியா இருக்குமுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சுண்ணாம்பு வைக்கிறார். புண்ணாகிறது. பச்சிலை வைத்துக் கட்டுகிறார். சர்க்கரை வியாதி வேறு உண்டு. ஆகையால் "சர்க்கரைப் புண் சீக்கிரம் ஆறாது" என்று ஆறுதல் சொல்லுகிறார்கள். இடுப்புச் சந்தில் நெறி கட்டிய பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "இவ்வளவு நாள் என்ன செய்து கொண்டிருந்தீர்கள்?"

இதில் யாரைக் குற்றம் சொல்லுவது? குடியானவரையா? அவருக்கு எவரும் சொல்லவில்லை. மனைவியையா? அவள்தான் முதலில் பார்த்தவள். பார்த்த கண்ணுக்கு மதிப்பில்லாமற் போனதுதான் குற்றம்.

மருவுக்கும் மச்சத்துக்கும் வீட்டில் செய்யும் வைத்தியங்கள் உண்டு. குதிரை முடியால் இறுக்கிக் கட்டி அறுப்பது, சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, பிளேடால் சீவுவது எல்லாம் சர்வ சாதாரணம். மாறுதல் கண்ட மச்சத்தில் இவற்றைச் செய்வது பெருந் தவறு. புண்ணாகிக் கிருமி ஏறும் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், மேலே தெரிந்த அடையாளம் அழிந்து, உள்ளே இருப்பது தொடர்ந்து வளரும். டாக்டர் பார்க்க வேண்டிய சாட்சியைக் கையாலேயே அழித்தது போலாகிவிடும்.

ஐந்து அடையாளம்

மச்சத்தில் எதைப் பார்ப்பது? நியூயார்க் சர்வகலாசாலை வைத்தியர்கள் 1985-ல் நான்கு அடையாளங்களை எளிமையாக எடுத்துச் சொன்னார்கள். 2004-ல் ஐந்தாவது ஒன்று சேர்க்கப்பட்டது. தமிழில் அவற்றைப் பாதி, ஓரம், நிறம், அளவு, மாற்றம் என்று ஞாபகம் வைத்துக் கொள்ளலாம்.

பாதி: மச்சத்தின் நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்தால் இரு பாதியும் ஒன்று போல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு தினுசாகவும் மறுபக்கம் வேறு தினுசாகவும் இருந்தால் சந்தேகம்.

ஓரம்: நல்ல மச்சத்தின் ஓரம் தெளிவாக இருக்கும். கடலோரத்தைப் போல் வளைந்து நெளிந்தோ, மை கசிந்தது போல் பரவியோ இருந்தால் சந்தேகம்.

நிறம்: ஒரே மச்சத்துக்குள் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, சாம்பல், நீலம் என்று பல நிறங்கள் கலந்திருந்தால் சந்தேகம்.

அளவு: 6 மில்லி மீட்டருக்கு மேல், அதாவது பென்சில் முனையில் உள்ள ரப்பரை விடப் பெரிதாக இருந்தால் கவனம். இதை விடச் சிறியதிலும் நோய் இருக்கலாம்.

மாற்றம்: ஐந்திலும் இதுவே பிரதானம். சில வாரங்களிலோ மாதங்களிலோ அளவு, நிறம், உயரம் மாறினாலும், புதிதாக அரிப்போ கசிவோ இரத்தமோ கண்டாலும் தாமதிக்கக் கூடாது.

இவற்றோடு இன்னொரு சுலபமான வழியும் உண்டு. ஒருவர் உடம்பில் உள்ள மச்சங்கள் சாதாரணமாக ஒரு குடும்பத்தைப் போலவே இருக்கும். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதைக் காட்டிவிட வேண்டும்.

நகத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். மாநிறத்தவர்களுக்குப் பல நகங்களில் நீளவாட்டில் கருங்கோடு இருப்பது சகஜம், பயமில்லை. ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கோடு தோன்றி அகலமாகிக் கொண்டே போனாலும், கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத்துச் சதையிலும் படிந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். முக்கியமாகக் கட்டைவிரலையும் கால் பெருவிரலையும் பார்க்க வேண்டும். 'அடிபட்ட இரத்தம்' என்றால் நகம் வளர வளர அந்தக் கறை முன்னால் நகர்ந்து போகும். அதன் பின்னால் சுத்தமான நகம் முளைக்கும். நகராமல் அங்கேயே நிற்கும் கறை இரத்தக் கறை அல்ல.

மச்சம் அல்லாத மற்ற தோலில், ஒரு மாதமாகியும் ஆறாத புண், சீக்கிரமாக வளரும் கட்டி, தொட்டால் இரத்தம் வரும் முண்டு, பழைய தழும்பில் புதிதாகக் கண்ட தடிப்பு அல்லது வெடிப்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

எண்ணெய் முழுக்கு நாள்

இதற்கு எந்த நாள் நல்ல நாள்? தமிழ் வீட்டில் பெரியவர்கள் ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் முற்றிலும் மறைந்து விடவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் கை படும் நாள் அது. மாதத்தின் முதல் முழுக்கு நாளில் கை போகும் வழியிலேயே கண்ணும் போனால் போதும். எண்ணெய் முழுக்கை விட்டுவிட்டவர்கள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கொள்ளட்டும்.

எண்ணெய் வைக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது நலம். தலைமயிரைச் சீப்பால் வகிர்ந்து மண்டைத் தோலைப் பார்க்க வேண்டும். அடுத்து முகம், உதடு, காது, காதின் பின்புறம். பிறகு கழுத்து, அக்குள், கை, உள்ளங்கை, விரல் இடுக்கு, நகம். பெண்கள் மார்பின் அடியிலும், இடுப்பில் நாடா படும் இடத்திலும் பார்க்க வேண்டும். மறைவிடத்தையும் விடக் கூடாது. கடைசியில் உட்கார்ந்து ஒரு காலை மற்றொரு தொடை மேல் போட்டுக் கொண்டு உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு, நகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மெட்டியைச் சற்று நகர்த்திப் பார்க்க வேண்டும். நகப் பூச்சும் மருதாணியும் இருந்தால் நகத்தின் நிறம் தெரியாது. ஆகவே மருதாணி இட்டுக் கொள்வதற்கு முன் பார்த்து விடுவது புத்திசாலித்தனம்.

முதுகை யார் பார்ப்பது? சுவரில் ஒரு கண்ணாடியும் கையில் ஒரு கண்ணாடியும் இருந்தால் தானே பார்க்கலாம். அதைவிட எளிது, முதுகு தேய்த்து விடுகிறவர் பார்ப்பது. கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன், தகப்பனாருக்கு மகன், மாமியாருக்கு மருமகள் பார்க்கலாம். கண் மங்கிய முதியவர்களின் உள்ளங்காலைப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். பாதம் தொட்டு நமஸ்காரம் செய்கிற பிள்ளைகள் அந்தப் பாதத்தை மாதம் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சந்தேகப்பட்ட இடத்தை ஒரு ஸ்கேலை அருகில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதி குறித்துக் கொண்டால், அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் அந்தப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பி யோசனை கேட்டுக் கொண்டு நாட்களைக் கடத்தக் கூடாது.

சிலருக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். பிறவியிலேயே மெலனின் இல்லாமல் தோலும் மயிரும் வெளுத்துப் பிறந்தவர்களுக்கு அந்தக் குடை கிடையாது. எந்த நாட்டினராயிருந்தாலும் அவர்களுக்கு வெயிலால் வரும் புற்று இளம் வயதிலேயே வரலாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் குடையும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, மருந்து. மாற்றுச் சிறுநீரகம் வைத்துக் கொண்டு அதற்கான மருந்தைச் சாப்பிடுகிறவர்களும் தோலைக் கவனிக்க வேண்டும்.

பயம் காட்டுவதா?

"அபூர்வமான நோய்க்காக ஊரையே பயமுறுத்துவது சரியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்திய உலகத்திலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. எந்தக் குறியும் இல்லாதவர்களை டாக்டர்கள் வரிசையாகப் பரிசோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிபுணர் குழு 2023-ல் தெரிவித்தது. ஆகவே தமிழ் நாட்டில் எல்லாரும் தோல் டாக்டர் வீட்டு வாசலில் கியூ நிற்க வேண்டும் என்பதல்ல இங்கே வாதம்.

வாதம் வேறு. தன் தோலைத் தான் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு நோயை மட்டும் பார்ப்பதும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு உணர்ச்சியற்ற பாதத்தில் கண்ணாடிச் சில்லு குத்தியிருப்பது தெரிய வரும். உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமல் ஒன்று இருந்தால் அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். தொழுநோய் ஒழிந்து விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2023-ல் கூட இந்தியாவில் புதிதாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆரம்பத்தில் மாத்திரையால் பூரணமாகக் குணமாகும் நோய் அது. மாத்திரை இலவசம். ஒரு பார்வைக்கு இத்தனை லாபம் என்றால் அதைப் பயமுறுத்தல் என்று சொல்ல முடியுமா?

உண்மையான பயம் வேறிடத்தில் இருக்கிறது. "கத்தி பட்டால் புற்று பரவி விடும்" என்று ஒரு பேச்சு நாட்டில் உலவுகிறது. மச்சத்தை வெட்டி எடுத்துப் பரிசோதிப்பதால் நோய் பரவுவதில்லை. பரவுவதற்கு விட்டு வைப்பதால்தான் பரவுகிறது. மெலனோமா முதலில் தோலின் மேல் அடுக்கில் மெல்லியதாகப் படரும். பிறகே கீழ் நோக்கி இறங்கும். எத்தனை மில்லி மீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே நோயாளியின் கதியைக் கணிக்கலாம் என்று பிரெஸ்லோ என்ற அமெரிக்க வைத்தியர் 1970-ல் எடுத்துக் காட்டினார். ஒரு மில்லி மீட்டருக்குள் இருக்கும்போது எடுத்து விட்டால் பெரும்பாலோர் பிழைத்துக் கொள்ளுகிறார்கள். ஒரு மில்லி மீட்டர் என்பது எவ்வளவு? ஏறக்குறைய ஒரு நாணயத்தின் கனம். வாழ்வும் சாவும் அந்தக் கனத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

பார்க்க வேண்டியவர்கள் வீட்டார் மட்டும் அல்ல. வைத்தியர்களும் நர்சுகளும் நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் வழக்கத்தை விடாமற் செய்ய வேண்டும். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே சென்றார்கள். வீடு தேடிப் போகும் ஊழியருக்கு ஒரு பத்து நிமிஷப் பாடம் சொல்லிக் கொடுத்தால், "ஐயா, உள்ளங்காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று அவர் கேட்பதற்குத் தனிச் செலவு எதுவும் ஆகாது. முடி திருத்துகிறவர் மண்டையிலும் பிடரியிலும் கண்ட மாறுதலை "ஒரு தடவை காட்டிடுங்க சார்" என்று சொல்லி விட்டால் அதுவும் பெரிய உபகாரம்.

சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் ஆரம்பமானது. அதன் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சொந்தத் துயரம் ஒன்று உண்டு. அவருடைய தங்கை புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். டாக்டரின் வீட்டிலேயே காப்பாற்ற முடியாமற் போன அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. பல வருஷ காலம் பாடுபட்டு ஆஸ்பத்திரி கட்டினார். ஆஸ்பத்திரி கட்டுவது பெரியவர்களின் காரியம். அதன் வாசலுக்கு நேரத்தோடு போய்ச் சேருவது ஒவ்வொருவருடைய காரியம்.

பெட்டியில் பழைய சான்றிதழ் இருக்கிறவர்கள் இன்றைக்கே எடுத்துப் பார்க்கட்டும். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதியிருந்தால் வலது முழங்கையைத் திருப்பிப் பார்க்கட்டும். அது அன்று போலவே இருந்தால் சந்தோஷம். மாறியிருந்தால் நாளைக் காலையில் டாக்டர். பிறகு காலைத் தூக்கி உள்ளங்காலையும் ஒரு தடவை பார்த்து விடட்டும். நேரத்தோடு பார்த்தவரே மச்சக்காரர்.